கரண்டு காசு இல்லையென்றால் பிட்காயின் மைனிங் லாபமா?

“அண்ணே, குவார்ட்டர்ஸ்ல கரண்டு பில்லு கம்பெனியே கட்டிடுது. ஒரு மைனிங் மிஷின வாங்கிப் போட்டா வர்றதெல்லாம் லாபந்தானே?”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தால் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். பிட்காயின் விலை ஏறுகிற மாதங்களில் அடிக்கடி வருவார்கள், இறங்கினால் ஆளையே காணோம். கேள்வியில் தப்பில்லை. மைனிங்கின் அன்றாடச் செலவு என்பது ஏறக்குறைய முழுக்க மின்சாரம்தான். அது பூஜ்யமானால் கணக்கு நிச்சயமாக மாறும். எவ்வளவு மாறும் என்பது ஒரு கேள்வி. அந்தப் பூஜ்யம் நிஜமாகவே பூஜ்யம்தானா என்பது இன்னொன்று. என்னிடம் வருகிறவர்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மிஷின் என்னதான் செய்கிறது

பிட்காயின் என்பது 2009 ஜனவரி 3 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பொதுக் கணக்குப் புத்தகம். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பதிவுகள் அதில் பக்கம் பக்கமாகச் சேர்கின்றன. ஒரு பக்கத்துக்கு பிளாக் என்று பெயர். இதற்கு வங்கி கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து எழுத ஒரு கிராணியும் கிடையாது. அப்படியானால் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? அதைத் தீர்மானிக்கும் போட்டிதான் மைனிங்.

மிஷின் அந்தப் பக்கத்தின் விவரங்களோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்.எச்.ஏ-256 என்ற சூத்திரத்தில் போடுகிறது. மறுபக்கம் நீளமான ஓர் எண் வந்து விழும். அது நெட்வொர்க், அதாவது இந்தப் புத்தகத்தைச் சேர்ந்து நடத்தும் கம்ப்யூட்டர்கள், வகுத்திருக்கும் வரம்புக்குக் கீழே இருந்தால் ஜெயித்தாயிற்று. இல்லையென்றால் வேறோர் எண், அதுவும் இல்லையென்றால் இன்னோர் எண். ‘சிக்கலான கணிதப் புதிரைத் தீர்க்கிறது’ என்று யூடியூப்பில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான், வெறும் வேகம்தான். ஒரு முயற்சியை ஹாஷ் என்பார்கள். 2020-இல் வந்த அன்ட்மைனர் எஸ்19 என்ற மிஷின் ஒரு விநாடிக்கு 95 டெராஹாஷ் போடும். நம் கணக்கில் 95 லட்சம் கோடி முயற்சிகள், ஒரே விநாடியில்.

ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தில் யாரோ ஒருவருக்கு அடிக்கும். அவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. ஆரம்பத்தில் ஒரு பிளாக்குக்கு 50 காயின். சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2012, 2016, 2020 என்று குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125-இல் வந்து நிற்கிறது. அனுப்புகிறவர்கள் கட்டும் சிறு கட்டணமும் சேரும், அதை இங்கே விட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு 144 பிளாக். ஆக உலகம் முழுவதற்கும் சேர்த்து நாளொன்றுக்கு 450 காயின்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மிஷின்கள் பெருகினால் காயினும் பெருகும் என்று நினைக்கிறார்கள். பெருகாது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நெட்வொர்க் தானாகவே அந்த வரம்பைத் திருத்திக்கொள்கிறது. முயற்சிகள் கூடியிருந்தால் வரம்பு இறுகும். பத்து நிமிடக் கணக்கு பத்து நிமிடமாகவே இருக்கும். பால்மரக் காட்டில் ஒரே நிரைக்கு எத்தனை பேர் கத்தியோடு வந்தாலும் மரம் தரும் பால் அதேதான், ஆளுக்குக் கிடைக்கும் பங்குதான் சுருங்கும். அமெரிக்காவில் ஒரு கிடங்கில் ஆயிரக்கணக்கில் புது மிஷின்கள் ஓட ஆரம்பித்தால், சுங்கை சிப்புட்டில் உள்ள உங்கள் மிஷின் எந்தப் பழுதும் இல்லாமலேயே குறைவாகச் சம்பாதிக்கும்.

தனியாகப் போட்டியிட்டால் ஆயுள் முழுக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பதால் எல்லோரும் ‘பூல்’ என்ற கூட்டணியில் சேர்வார்கள். யாருக்கு அடித்தாலும் உழைத்த அளவுக்குப் பங்கு பிரியும். பூல் நடத்துகிறவர் சில விழுக்காடு எடுத்துக்கொள்வார்.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென்?

கணக்குப் போட இரண்டு எண்கள் வேண்டும்: நெட்வொர்க்கின் மொத்த வேகம், காயினின் விலை. இரண்டும் தினமும் மாறுகிறவை. 2025-இல் மொத்த வேகம் 1,000 எக்ஸாஹாஷைத் தாண்டியது. டெராஹாஷில் சொன்னால் 100 கோடி. அதையே வைத்துக்கொள்வோம். விலைக்கு, கணக்கு எளிதாக வரட்டும் என்று ஒரு காயின் 4 லட்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட், ஒரு வெள்ளிக்கு 100 சென்) என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படிக்கும் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

எஸ்19-இன் பங்கு, 100 கோடியில் 95. நாள் ஒன்றுக்கு 450 காயினில் அந்தப் பங்கு 0.00004275 காயின். வெள்ளியில் 17 சொச்சம். மாதத்துக்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மின்சாரம். எஸ்19 இழுப்பது 3,250 வாட். நாள் முழுக்க ஓடினால் 78 யூனிட், மாதத்துக்கு 2,340 யூனிட். மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் 2025 ஜூலைக் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு யூனிட் சுமார் 44 சென், அதைத் தாண்டிய வீட்டுக்கு சுமார் 54 சென். மாதாமாதம் எரிபொருள் விலைக்கேற்ப வரும் ஏற்ற இறக்கமும் வரியும் தனி. ஆக இந்த மிஷினுக்கு மட்டும் பில் 1,270 வெள்ளிக்கு மேல்.

1,270 வெள்ளியை எரித்தால் 500 வெள்ளி வருகிறது.

இதையே வேறு விதமாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 17 வெள்ளியை 78 யூனிட்டால் வகுத்தால் 22 சென். அதாவது எஸ்19 என்பது ஒரு யூனிட் மின்சாரத்தை 22 சென்னாக மாற்றும் பெட்டி. எந்த மைனிங் மிஷினைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஒரு எண்ணைக் கேளுங்கள், போதும். 2016-இல் வந்த எஸ்9, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் என்று பையன்கள் தேடுவது, 14 டெராஹாஷ் வேகத்துக்கு 1,350 வாட் போல இழுக்கும். நாளைக்கு இரண்டரை வெள்ளி, 32 யூனிட். யூனிட்டுக்கு 8 சென்கூட இல்லை. எஸ்19-க்குப் பின் வந்த எஸ்21 200 டெராஹாஷுக்கு 3,500 வாட். அதே கணக்கில் யூனிட்டுக்கு 43 சென். தெனாகா மீட்டரில் காசு கட்டுகிற வீட்டில் அதுகூட ஒட்டவில்லை.

எஸ்9 வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அது ஒரு நாளைக்குச் சேர்ப்பது சுமார் 0.0000063 காயின். பூல்கள் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்பும். அந்த வரம்பு 0.001 காயின் என்று இருந்தால், முதல் பணத்தைக் கண்ணால் பார்க்க ஐந்து மாதம் ஆகும். அதுவரை மிஷின் கத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

லேப்டாப்பிலும் கேமிங் கார்டிலும் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் கார்டுகளுக்கு ஈத்தரியம் என்ற வேறொரு காயின் இருந்தது; 2022 செப்டம்பர் 15-இல் அது மைனிங் முறையையே கைவிட்டது. மிச்சமிருக்கும் சின்னச் சின்னக் காயின்களில் வருவது சில்லறை. கைப்பேசியில் பட்டனைத் தட்டினால் மைனிங் என்று சொல்லும் ஆப்களில் மைனிங்கே நடப்பதில்லை. கைப்பேசியிலேயே மைனிங் செய்யும் ஆப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து 2018-இலேயே தடை செய்துவிட்டது. ‘நீங்கள் பணம் கட்டினால் போதும், மிஷின் எங்கள் கிடங்கில் ஓடும், தினமும் இவ்வளவு விழுக்காடு’ என்று வாட்ஸ்ஆப்பில் வருபவற்றுக்குப் பதில் சொல்வதற்குமுன் பங்கு ஆணையம், அதான் சுருஹான்ஜாயா செக்குரித்தி, வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் ஒருமுறை பெயரைத் தேடுங்கள். பெயர் அதில் இல்லை என்பதால் நல்ல கம்பெனி என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ‘இலவசம்’ யாருடையது

மேலே உள்ள கணக்கில் மின்சாரச் செலவை அடித்துவிட்டால் மாதம் 500 வெள்ளி முழுசாக மிச்சம். செகண்ட் ஹேண்ட் எஸ்19-ஐ 2,500 வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்றால் ஐந்து மாதத்தில் போட்ட காசு திரும்பும். பொய் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. ஆகவே முடிவு முழுக்க ஒரே இடத்தில் தொங்குகிறது: அந்த 78 யூனிட் யாருடையது?

நான் கேட்டுப் பார்த்த வரையில் ‘எங்க வீட்ல கரண்டு ஃப்ரீ’ என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதைக் கட்டுவது அப்பா. அது இலவசமல்ல, அப்பாவுக்குத் தெரியாத கடன். மாதம் 120 வெள்ளி வந்த பில் 1,400-ஐத் தொட்டால் அதற்குமேல் நடப்பது உங்கள் குடும்ப விஷயம். சிலர் அரசாங்கம் தரும் மின்கட்டணச் சலுகையை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அரசாங்கத்தின் ஏழைகள் பதிவேடான இ-காசியில் பதிந்த பரம ஏழைக் குடும்பங்களுக்கு வரும் அந்த உதவி மாதம் 40 வெள்ளி வரைதான். எஸ்19 அதை ஒரு நாளில் தின்றுவிடும்.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் கொஞ்சம் சிக்கலானது. தொழிலாளர் வீட்டு வசதிகளைப் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது போதுமான வசதி இருக்கவேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பல தோட்டங்களில் நிர்வாகம் ஒரு பெரிய மீட்டரில் மொத்தமாகக் கட்டி, வீட்டுக்கு ஒரு சின்ன மீட்டர் வைத்திருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை, யார் எவ்வளவு எரித்தாலும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. நான்கு விளக்கு, இரண்டு காற்றாடி, ஃப்ரிட்ஜ், டிவி, சோற்றுப் பானை என்று ஒரு லைன் வீடு எரிப்பது நாளைக்கு ஆறேழு யூனிட். நீங்கள் ஒரு மிஷினைச் செருகினால் பத்துக் குடும்பத்தின் கரண்டு ஒரு அறைக்குள் போகிறது. கிராணி கண்ணில் படாமல் இருக்க வாய்ப்பே இல்லை. மறுமாதமே எல்லா வீட்டுக்கும் மீட்டர் வந்தால், லயமே உங்களைத் திட்டும்.

இங்கேதான் நான் பையன்களிடம் சொல்வது: நேராக மேனேஜரிடம் போய்க் கேள். என்ன கேட்பாய்? “ஐயா, என் ரூம்ல ஒரு மிஷின் போடுறேன், கம்பெனிக்கு மாசம் ஆயிரத்துக்கு மேல செலவு, எனக்கு ஐந்நூறு வரும்” என்றா? கொஞ்சம் யோசிக்கத் தெரிந்த மேனேஜர் என்றால், “தம்பி, எழுநூற நீ கையில வாங்கிக்க, மிஷின ஆஃப் பண்ணு” என்பார். இருவருக்குமே அது லாபம்! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 54 சென் பெறும் பொருளை 22 சென்னாக மாற்றும் வேலை இது. மாற்றுகிறவனுக்கு 22 சென் கிடைக்கிறது என்பதால் மறுபக்கத்தில் தொலைந்த 54 சென் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். யாரிடம் மனம்விட்டுக் கேட்க முடியவில்லையோ அவருடைய மின்சாரம் உங்களுக்கு இலவசமில்லை. ‘பில் உட்பட’ வாடகைக்கு எடுத்த கடைவீட்டு மாடிக்கும் இதே பதில்தான்.

செம்பனை ஆலைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள், அது கொஞ்சம் பலமானதுதான். ஆலை தன் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து டர்பைன் ஓட்டுகிறது. அங்கே மின்சாரம் கிட்டத்தட்ட கழிவிலிருந்து வருகிறது, தெனாகாவுக்குக் காசு இல்லை. ஆலைக் குவார்ட்டர்ஸுக்கும் அதிலிருந்தே வயர் இழுத்திருப்பார்கள். ஆனால் டர்பைன் ஓடுவது பழம் வேகும்போது மட்டும். குலை வரத்துக் குறைந்த நாளிலும் ஆலை நிற்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் டீசல் ஜெனரேட்டர்தான். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் டீசல் என்று வைத்தால், உங்கள் மிஷின் அன்றைக்கு மட்டும் 23 லிட்டர் குடிக்கும், 17 வெள்ளி சம்பாதிக்க. ஆலை நிர்வாகமே, மீந்து போகும் மின்சாரத்துக்கு வேறு வாங்குபவர் இல்லை என்று தெரிந்து, தானே நடத்தினால் அது நியாயமான யோசனை. உலகத்தில் பெரிய மைனிங் கம்பெனிகள் போய் உட்காருவதும் அப்படிப்பட்ட இடங்களில்தான்: விற்க வழியில்லாத நீர்மின்சாரம், எரிவாயு வயல்களில் வீணாய்க் கொளுத்தப்படும் வாயு. குவார்ட்டர்ஸ் வாசியின் கையில் அந்த முடிவு இல்லை.

கூரையில் சோலார் போட்டவர்களுக்கு, குறைந்தபட்சம் மின்சாரம் சொந்தமானது. ஐந்து கிலோவாட் பலகைகள் நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 18 யூனிட் போலத் தரும். எஸ்19-க்கு வேண்டியது 78. சரி, உச்சி வெயிலில் ஐந்து மணி நேரம் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: 16 யூனிட் போகும், மூன்றரை வெள்ளி வரும். நெம் ராக்யாட் திட்டத்தில் முன்பே சேர்ந்தவர் அதே 16 யூனிட்டைத் தெனாகாவுக்கு அனுப்பினால் பில்லில் யூனிட்டுக்கு யூனிட் கழியும், ஏழு வெள்ளி. மிஷின், சத்தம், சூடு எதுவும் இல்லாமல் இரட்டிப்பு. பகலில் மீந்து, அனுப்பவும் வழியில்லாமல் வீணாகும் மின்சாரம் யாரிடமாவது இருந்தால் அவருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. அவருக்குக்கூட நான் முதலில் ஏர்கான் போட்டுத் தூங்கச் சொல்வேன்.

மீட்டரைத் தாண்டி வயர் இழுப்பதைப் பற்றி ‘ஒரு ஆள் இருக்காரு’ என்று மெல்லிய குரலில் பேச்சு வரும். மின்சார விநியோகச் சட்டம் 1990-இன் 37-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது, அபராதமும் சிறையும் சேர்ந்து. சரவாக்கில் மீரி போலீஸ் 2021 ஜூலையில் 1,069 மைனிங் மிஷின்களைத் தரையில் பரப்பி ரோட் ரோலரை ஏற்றி நசுக்கியது. 53 லட்சம் வெள்ளி மதிப்புள்ளவை. ஆட்களும் உள்ளே போனார்கள். தீபகற்ப மலேசியாவில் 2018 முதல் 2023 வரை மைனிங்குக்காகத் திருடப்பட்ட மின்சாரத்தால் தெனாகாவுக்கு 340 கோடி வெள்ளி இழப்பு என்று எரிசக்தி அமைச்சின் தரப்பிலேயே சொன்னார்கள். பிடிபடுவது ஏன் என்றால், மனிதர்கள் வாழும் வீட்டின் மின் பயன்பாடு காலையில் ஏறும், மத்தியானம் இறங்கும், ராத்திரி மீண்டும் ஏறும். மைனிங் வீட்டுக்குப் போகும் மின்சாரம் இருபத்துநாலு மணி நேரமும் ஏறாமல் இறங்காமல் ஒரே நேர்க்கோடு. அந்த வட்டார டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போனதையும் வீடுகளின் மீட்டரில் பதிந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துண்டு விழுவது தெரிந்துவிடும்.

பிளக், சூடு, சத்தம்

எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்.

நம் நாட்டுச் சாதாரணப் பாயின்ட் 13 ஆம்பியர். 3,250 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். ஒரு பாயின்ட்டோ அதிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷனோ தாங்காது. ‘கெட்டில்கூட மூவாயிரம் வாட்தானே’ என்பார்கள். கெட்டில் நான்கு நிமிடம் ஓடி அணையும். இது தீபாவளிக்கும் அணையாது. ஒருவர் என் கடைக்கு எடுத்துவந்த எக்ஸ்டென்ஷனைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று ஓட்டைகளில் இடது பக்கத்து ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்குப் பழுத்து, ஓரம் சற்று உருகிக் குழைந்திருந்தது. உள்ளே பித்தளைத் தகடு நீலம் பாரித்திருந்தது. மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. அவர் மிஷினில் கோளாறு என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார். ஏர்கானுக்குப் போடுவதுபோலத் தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டால் அதற்கு ஒரு தொகை ஆகும். லைன் வீட்டின் பழைய வயரிங்கைப் பார்த்துவிட்டு அவர் முடியாது என்றாலும் ஆச்சரியமில்லை.

சூட்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: மிஷின் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். காயினுக்குள் எதுவும் போவதில்லை. 3,250 வாட் சூடு என்பது மணிக்கு சுமார் 11,000 பி.டி.யூ. ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கான் ஒன்று முழு மூச்சாக ஓடினால்தான் அந்தச் சூட்டை மட்டும் வெளியேற்ற முடியும். தகரக் கூரை, மத்தியான வெயில், சின்ன அறை. ஏர்கான் போட்டால் அதன் கரண்டு வேறு. ஜன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் காற்றாடி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் 75 டெசிபல். வேக்கம் கிளீனரை அறையில் ஓடவிட்டு அப்படியே தூங்கப் போங்கள், விடியும் வரை. லைன் வீட்டில் நம் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவர். விடிவதற்கு முன்னே வேலைக்கு எழும்ப வேண்டியவர்கள் அந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள்.

பழைய மிஷின் வாங்கினால் காற்றாடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நான் திறந்த ஒன்றில் அலுமினியத் தகடுகளுக்கு இடையே பஞ்சு அடைத்ததுபோல் தூசி, அதற்குள் காய்ந்துபோன ஒரு பல்லி. நம் ஊர் ஈரப்பதத்தில் போர்டின் ஓரங்களில் பச்சை பூத்திருக்கும். மூன்று போர்டில் ஒன்று செத்திருந்தாலும் மிஷின் ஓடும், மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில். விற்பவர் அதைச் சொல்லமாட்டார். அரை மணி நேரம் ஓடவிட்டு, திரையில் மூன்று போர்டின் வேகமும் தனித்தனியாக வருகிறதா என்று பார்த்தபிறகே காசைக் கொடுங்கள்.

இதே காசுக்குக் காயின் வாங்கினால்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2,500 வெள்ளிக்கு மிஷின் வாங்காமல் நேராகக் காயினே வாங்கினால், நம் விலைக் கணக்கில் 0.00625 காயின் அன்றைக்கே கையில். எஸ்19 அதைச் சேர்க்க ஐந்து மாதம் ஆகும் என்று பார்த்தோம். வயரிங், எக்ஸாஸ்ட் காற்றாடி செலவைச் சேர்த்தால் ஆறேழு. அந்த மாதங்களில் நெட்வொர்க் வேகம் ஏறினால் இன்னும் தள்ளிப்போகும். ஒரு போர்டு செத்தால் அதோடு போச்சு. விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் மைனிங் என்றால், விலை ஏற்றத்தின் பலன் வாங்கி வைத்தவருக்கும் அப்படியே கிடைக்கும். மின்சாரம் உண்மையிலேயே உங்களுடையதாகவும் வேறு உபயோகம் இல்லாததாகவும் இருந்து, மிஷின் அந்த மாதங்களையும் தாண்டித் தாங்கினால் மட்டுமே மிஷின் முந்தும். அப்படி ஒரு வீட்டை நான் இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை.

இங்கே காயின் வைத்திருப்பதும் வாங்கி விற்பதும் குற்றமில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவைப் பொறுத்தவரை அது சட்டபூர்வப் பணம் அல்ல. கடைக்காரர் வாங்க மறுக்கலாம். பங்கு ஆணையத்தில் பதிவுபெற்ற லூனோ போன்ற சந்தைகளில்தான் மாற்றவேண்டும். மைனிங்கில் தொடர்ந்து வரும் வருமானத்தை வருமான வரி வாரியம் வருமானமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, அன்றைய விலை என்ன என்று ஒரு எக்செல் தாளில் எழுதி வையுங்கள்.

காசுக்காக இல்லை அண்ணே, எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிக்கணும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். பிட்ஆக்ஸ் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு மிஷின் இருக்கிறது. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, சாலிடரிங் தெரிந்தவர்கள் தாங்களே பழுதுபார்க்கலாம். சுமார் 17 வாட் இழுக்கும், 1.2 டெராஹாஷ் போடும். மாதம் 12 யூனிட், ஐந்து வெள்ளி போல. மேசைமேல் வைத்தால் சின்னக் காற்றாடிச் சத்தம்தான். தனியாகப் போட்டியிட்டால் சராசரியாகப் பதினாறாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பிளாக் அடிக்கலாம், ஆகவே சம்பாத்தியம் என்ற பேச்சே எழாது. ஹாஷ், பூல், வரம்பு, காயினை வைத்திருக்கும் வாலட் எல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். பள்ளி விடுமுறையில் அதோடு மல்லாடிய ஒரு ஃபோர்ம் ஃபைவ் பையன் இப்போது என் கடையில் சனிக்கிழமைகளில் போர்டு பழுதுபார்க்கிறான், நாள் கூலிக்கு.